கிளி விரிப்பில் பட்ட கறை

இதை எழுத வேண்டும் என்று முதலில் நினைத்தபோது என் இளைய மகளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. இப்போது அவள் மகன் காலேஜுக்குப் போகிறான். நடுவில் எத்தனையோ நோட்டுப் புத்தகம் வாங்கினேன். எல்லாவற்றிலும் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி இருக்கும். அதற்குக் கீழே "ஆரியசாலை வீட்டில்" என்று இரண்டு வார்த்தை இருக்கும். அடுத்த பக்கத்திலிருந்து அம்மன் பெயரை எழுதி நிரப்பியிருப்பேன். சாமி பெயரை எழுதினால் மனசு அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை.

நம் கோயில் பஜனைக் கூட்டத்தில் என்னோடு உட்காரும் அக்கா தங்கச்சிமார்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். முட்டுவலித் தைலத்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொள்கிறோம். மருமகள்களைப் பற்றிச் சொல்லி ஆறிக்கொள்கிறோம். இதை மட்டும் நான் உங்களிடம் சொன்னதில்லை. நான் படித்தது எட்டாம் கிளாஸ் வரை, அதுவும் மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்து அப்பா சொல்லித் தந்தது. அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுத முடியும் என்று நினைக்கிறேன்.

ஆரியசாலையில் அப்பாவுக்கு வற்றல் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம். தெருவைப் பார்த்துக் கடை, அதற்குப் பின்னால் மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கி, கிட்டங்கிக்குப் பின்னால் எங்கள் வீடு. வத்தல் நெடி சுவரிலேயே ஊறிப் போயிருந்தது. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் வாசலில் ஒரு தும்மல், கூடத்தில் ஒரு தும்மல் போட்டுவிட்டுத்தான் "சௌக்கியமா" என்று கேட்பார்கள். எங்களுக்கு அது பழகிவிட்டது. ஆனால் கிட்டங்கிக்குள் போய் மூட்டையை அசைத்தால் எங்களுக்கும் தும்மல் வரும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா, அம்மா, அண்ணன், நான். அண்ணன் என்னைவிடப் பதினான்கு வயசு மூத்தவன். பொன்முடியில் தேயிலை எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தான். மலைக்கு அன்றைக்கு பஸ் அபூர்வம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை வருவான், கம்பளி வாசனையோடு. எனக்கு ஒன்பது வயசான வருஷம், சித்திரையில் அவனுக்குக் கல்யாணம் ஆனது. வந்தவள்தான் மைனி.

மைனிக்குத் தோவாளைப் பக்கம். அவள் அப்பாவுக்கு வாழைத்தோட்டம். அவள் சிரித்தால் கடையில் நிற்கிற லோடுகாரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "மெல்ல சிரி மக்களே, இது தெருவாக்கும்" என்பாள் அம்மா. மைனி வாயைப் பொத்திக்கொள்வாள். பொத்தின கைக்குள்ளேயும் சிரிப்பு கேட்கும்.

அண்ணன் இல்லாத நாட்களில் நான்தான் அவள் கட்டிலில் படுப்பேன். அந்தக் கட்டிலில் விரிக்க அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது ஒரு வெள்ளை விரிப்பு. வடசேரித் தறியில் நெய்தது, கரையில் நீலக் கோடு. தலைமாட்டுப் பக்கம் இரண்டு பச்சைக் கிளிகளை அவளே நூலால் தைத்திருந்தாள். ஒரு கிளிக்கு மூக்கு கோணியிருக்கும்.

"இதென்ன மைனி, இதுக்கு மட்டும் மூக்கு இப்படி?"

"அது ஒங்க அண்ணனாக்கும். நேரா இருக்கது நான்."

அதன் பிறகு அண்ணன் வந்தபோது நான் அவன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிஜமாகவே கொஞ்சம் கோணல்தான்.

வியாழக்கிழமைதோறும் கரமனை ஆற்றங்கரையிலிருந்து ஒரு அக்கா அழுக்குத்துணி எடுக்க வருவாள். மூட்டை கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு துணியையும் விரித்துப் பார்ப்பாள். கறை இருந்தால் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவாள். இது மாங்காய்ப் பால், இது இரும்புக் கறை, இது பிள்ளை வாயிலெடுத்தது என்று சொல்லிவிடுவாள். ஒரு தடவைகூடத் தப்பாது. ஒரு நாள் அப்பாவின் வேட்டியை விரித்துப் பார்த்துவிட்டுக் கடைப்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"மொதலாளி, இது உளுந்தவடை எண்ணெயாக்கும். ஏகாதசி அன்னைக்கு உடுத்துன வேட்டிதானே?"

அந்த ஏகாதசிக்கு அப்பா வீட்டில் உபவாசம் இருந்தவர். அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"எட்டீ, நீ வெளுக்க வந்தியா, வேவு பாக்க வந்தியா?" என்றார் அப்பா.

"ரெண்டுக்கும் ஒரே கூலிதான் மொதலாளி."

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். மைனியின் சிரிப்புதான் தெருவரைக்கும் போனது. அதன் பிறகு அம்மா எந்தக் கறையானாலும் அந்த அக்கா சொன்னால் சரி என்பாள்.

புரட்டாசி வந்தது. பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாகச் சரஸ்வதி யானைமேல் ஏறி வருவாள், முருகன் வெள்ளிக் குதிரையோடு வந்து நவராத்திரி ஒன்பது நாளும் எங்கள் தெரு அம்மன் கோயிலில் இருப்பார். எங்களுக்கு அது வீட்டுக்கு விருந்து வருவதுபோல. அம்மா ஒன்பது நாளும் ஒருவேளைதான் உண்பாள். ஈரத்துணியோடு நைவேத்தியம் வைப்பாள். அந்த வருஷம் அரிசி களைகிற வேலையை மைனிக்குக் கொடுத்தாள். அது எங்கள் வீட்டில் பெரிய மரியாதை. காரணம், மைனிக்கு நாள் தள்ளிப் போய்ப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. அம்மா அதை அப்பாவிடம் கிசுகிசுத்தது எனக்குக் கேட்டது. அப்பா நேராகக் கொல்லைக்குப் போனார். அங்கே ஒரு செவ்வாழை குலை தள்ளி நின்றது. அதைக் கையெடுத்துக் கும்பிட்டு, பிள்ளை நல்லபடியாகத் தங்கினால் இந்தக் குலையைக் கூம்புகூட ஒடிக்காமல் முழுசாக முருகனுக்குக் கொடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டார். கூம்பு என்றால் குலையின் நுனியில் தொங்குமே, அந்த வாழைப்பூ.

"இதுல கை வைக்கப்பிடாது கேட்டியா," என்றாள் அம்மா என்னிடம். "கைபட்டா நேர்ச்சை பலிக்காது. மைனிக்குத்தான் கேடு."

அம்மா சொல்லாமல் இருந்திருந்தால் நான் அந்தப் பூவைப் பார்த்தே இருக்க மாட்டேனோ என்னவோ. தெரியவில்லை. அம்மாமேல் பழிபோட இதை எழுதவில்லை.

நவராத்திரி இரண்டாம் நாள் உச்சிப் பூஜைக்கு அம்மாவும் மைனியும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அப்பா கடையில். எனக்கு வாழைப்பூத் தேன் என்றால் உயிர். மடல் மடலாகப் பிரித்தால் உள்ளே சீப்புப் போலப் பூ இருக்கும். ஒவ்வொன்றாக இழுத்து அடியை உறிஞ்சினால் ஒரு சொட்டுத் தேன். துவைக்கல்லில் ஏறி நின்று கூம்பைத் திருகினேன். பொட்டென்று கையோடு வந்துவிட்டது. கொல்லையில் இருந்தால் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து தெரியும். ஆகவே மைனியின் அறைக்குள் ஓடி, கட்டில் நடுவில் சம்மணம்போட்டு உட்கார்ந்து, கூம்பை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பூ விடாமல் உறிஞ்சித் தீர்த்தேன். ஒடித்த காம்பிலிருந்து பால் சொட்டிக்கொண்டே இருந்தது. தண்ணீர் மாதிரிதான் இருந்தது. கையால் துடைத்தேன். விரிப்பு வெள்ளையாகத்தான் இருந்தது. மடல்களைச் சுவருக்கு வெளியே ஓடையில் எறிந்துவிட்டேன்.

வாழைப்பால் படும்போது தெரியாது. காயக் காயத்தான் நிறம் வரும். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு ஒன்பது வயசு, எனக்குத் தெரியாது.

சாயங்காலம் அப்பா கொல்லைக்குப் போய்விட்டு முகம் வாடி வந்தார். "கூம்பை வவ்வால் கொண்டுபோயிட்டுது. சனியன், நேர்ந்த குலையிலதானா வரணும்," என்றார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருந்தால் இரண்டு அடியோடு போயிருக்கும்.

மூன்றாம் நாள் காலையில் விரிப்பை உதறப் போன அம்மா அறையைவிட்டு வெளியே வரவில்லை. மைனியைக் கூப்பிட்டாள். குரல் மெல்லியதாக இருந்தது. விரிப்பின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றும், சுற்றிச் சிறுசிறு சொட்டுமாகக் கறை. பழுப்பு. காய்ந்த ரத்தத்தின் அதே நிறம்.

"இதென்னது?"

"தெரியல்லியே அத்தை."

"ஒன் படுக்கையில இருக்கு, ஒனக்குத் தெரியாதா? நாள் தள்ளிப் போச்சுன்னு நீதானே சொன்னே?"

"தள்ளித்தான் போயிருக்கு. இது எனக்குள்ளது இல்ல அத்தை."

"பின்ன, ஒம்பது வயசுப் பிள்ளைக்குள்ளதா?" அம்மா விரிப்பைக் கட்டிலிலிருந்து உருவினாள். "விலகி இருக்க வேண்டியவ மறைச்சுட்டு அடுக்களைக்குள்ள வந்திருக்கே. நேத்து அம்மனுக்கு அரிசி களைஞ்சது ஆரு? தீட்டோட களைஞ்ச அரிசியா நான் நைவேத்தியம் வச்சேன்?"

"அம்மன் சத்தியமா இல்ல அத்தை."

"சத்தியம் வேற செய்யாதே."

என் அம்மா கெட்டவள் இல்லை. யார் பசி என்று வந்தாலும் தன் பங்கைக் கொடுப்பாள். அவள் பயந்துபோனாள். அம்மனுக்கு முன்னால் குற்றம் நடந்துவிட்டது என்று நம்பினாள். பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று சொல்லி மருமகள் ஏமாற்றிவிட்டாள் என்றும் நம்பினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நேர்ந்த குலையைத் தொட்டது தெரிந்தால், நாளைக்கு மைனி வயிற்றுக்கு என்ன ஆனாலும் என்னைத்தான் சொல்வார்கள். என் தொண்டையில் அந்தத் தேன் அப்போதும் இனித்துக்கொண்டிருந்தது.

மைனி பின்கட்டு அறைக்கு மாற்றப்பட்டாள். ஒரு பாய், ஒரு தம்ளர், ஒரு தட்டு. விரிப்பையும் அவளிடமே போட்டார்கள். மூன்று நாள் அவள் அதைத் துவைத்தாள். முதலில் பார்சோப்பு போட்டாள். கறை மங்குவதற்குப் பதில் இன்னும் கறுத்தது. "பாரு, துவைக்கத் துவைக்கத் தெளிஞ்சு வருது," என்றாள் அம்மா. பிறகு சலவைக் காரம் போட்டு வெந்நீரில் ஊறவைத்தாள். எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டாள். புளித் தண்ணீர், அரிசிக் கஞ்சி, கடைசியில் ஒரு கரண்டி மண்ணெண்ணெய். கோணல் மூக்குக் கிளியின் நூல் பிரிந்து வந்தது. கறை அசையவில்லை.

அவள் துவைக்கும்போது தண்ணீர் கோரி ஊற்றியவள் நான்தான். இதை எழுதும்போது கை கூசுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து வாளி வாளியாக ஊற்றினேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவள் விரிப்பைப் பிழிந்து முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அப்படியே நின்றாள். என் பக்கம் திரும்பினாள். நான் வாளிக் கம்பியைப் பிடித்திருந்தேன். என் விரல் நுனியெல்லாம், நகக்கண்ணெல்லாம் கறுத்திருந்தது. என் கையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தலைக்குத் தேய்க்க வைத்திருந்த தேங்காயெண்ணெயை என் விரல்களில் தேய்த்து, எலுமிச்சைத் தோலால் ஒவ்வொரு நகமாகச் சுரண்டினாள். எண்ணெய் பட்டதும் கறுப்பு கழன்று வந்தது. தோலில் பட்டதுதான் அப்படிப் போகும், துணியில் பட்டது போகாது. அடுக்களையில் அம்மா செருமும்போதெல்லாம் மைனி என் கையைத் தன் முந்தானைக்குள் மூடிக்கொண்டாள்.

எனக்கு அன்று தோன்றியது ஒன்றுதான். மைனிக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்று.

புதன்கிழமை மைனி அம்மாவிடம் கேட்டாள். பின்கட்டு வாசலுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டுதான் கேட்டாள்.

"அத்தை, நாளைக்கு வெளுக்கிற அக்கா வருவாங்கல்லா. இதை அவங்ககிட்ட காட்டுங்க. அவங்க என்ன கறைன்னு சொல்லட்டும். வேற ஒண்ணும் நான் கேக்கல்ல."

அம்மா ஒத்துக்கொண்டாள். "சரி. அவ ஒனக்கும் உறவில்ல, எனக்கும் உறவில்ல. இது வேற கறைன்னு அவ சொன்னா ஒன்னைக் கும்பிட்டு உள்ள அழைக்கேன். அவளும் ரத்தம்னு சொல்லிட்டா, நீ ஒன் வீட்டுல போய் இரு."

அந்த அக்கா மூக்கில் வைத்த உடனே சொல்லிவிடுவாள், வாழைக்கறை என்று. அப்பா வவ்வால் என்று சொன்னது அம்மாவுக்கு ஞாபகம் வரும். அடுத்து எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு கணக்குப் போட வராது என்று நீங்கள் நினைக்கலாம். பயந்த பிள்ளைக்கு வரும்.

வியாழக்கிழமை காலை, அம்மா கோயிலுக்கும் மைனி குளிக்கவும் போன நேரம், கொடியில் கிடந்த விரிப்பை உருவினேன். பாதி ஈரம். சுருட்டிக் கொண்டுபோய்க் கிட்டங்கியில் வத்தல் மூட்டைகளுக்குப் பின்னால், சுவர் ஓரம், கை எட்டுகிற மட்டும் திணித்தேன். மூட்டை அசைந்தது. தூள் பறந்தது.

பத்து மணிக்கு அந்த அக்கா வந்தாள். அம்மா கொடியைப் பார்த்தாள். துவைக்கல்லைப் பார்த்தாள். மைனியைப் பார்த்தாள்.

"எங்க விரிப்பு?"

"கொடியிலதான் போட்டிருந்தேன் அத்தை!"

"நீதானே காட்டணும்னு சொன்னே? இப்பக் காட்டு. காட்டேன்."

மைனி கொல்லை முழுக்க ஓடினாள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். வாழையடியில் பார்த்தாள். வெளுக்கிற அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மூட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, நான் ஒரு காரியம் பறயட்டா? சோரயா, ரத்தமா இருந்தா பச்சத்தண்ணியும் உப்பும் போரும், முக்காலும் போயிடும். மூணு நாள் தேச்சும் போகல்லன்னா அது சோர இல்ல கேட்டியளா. துணி வெளுக்கிறவ சொல்லுகேன்."

"காணாத துணிக்கு நீ சாட்சி சொல்லாண்டாம்," என்றாள் அம்மா. "ஒளிச்சு வச்சதுலயே தெரியுதே."

இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அம்மா எத்தனை வருஷம் தன் துணியைத் தானே அலசியிருப்பாள். ரத்தக்கறை எதில் போகும், எதில் போகாது என்று அவளுக்குத் தெரியாதா? வவ்வால் கொண்டுபோன பூவும் விரிப்பில் பட்ட கறையும் ஒரே நாள். இரண்டையும் அம்மாவோ அப்பாவோ சேர்த்துப் பார்க்கவில்லை.

அப்போது நான் அடுக்களை வாசற்படியில் நின்று தும்மினேன். மூன்று முறை. கண்ணும் மூக்கும் எரிந்தது.

மைனி தேடுவதை நிறுத்தினாள்.

"எங்க போயிருந்தே மக்களே?"

"எங்கயும் போகல்ல."

அவள் என்னையே பார்த்தாள். நான் பாவாடை நுனியால் மூக்கைத் துடைத்தேன். அவள் மெல்லப் போய்ப் பின்கட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் தோவாளையிலிருந்து அவள் சித்தப்பா வந்தார். அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினார். மைனி பெட்டியோடு இறங்கும்போது என் தலையைத் தொட்டு, "பின்னலை ஒழுங்கா போட்டுக்கோ," என்றாள். அவ்வளவுதான். சனிக்கிழமை அண்ணன் வந்தான். அம்மா சொன்னதைக் கேட்டான். "சரிம்மா" என்றான். சாப்பிட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியான பஸ்ஸுக்கு மலை ஏறிவிட்டான். இரண்டு நாள் கழித்து என் பச்சைப் பாவாடையைக் காணவில்லை. "அதையும் எடுத்துட்டுப் போயிட்டாளா என்ன?" என்றாள் அம்மா. "எடுத்திருப்பா," என்று நான் சொன்னேன். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சொன்னேன்.

மார்கழியில் கடிதம் வந்தது. மைனிக்கு நான்கு மாதம் முடிந்துவிட்டது, ஊரே பார்த்துவிட்டது என்று. அம்மா பழமும் பலகாரமுமாகத் தோவாளைக்கு ஓடினாள். நானும் போனேன். "அம்மன் நம்மளை சோதிச்சுட்டா மக்களே," என்று மைனியைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நான் தப்பாப் பேசிட்டேன்" என்று ஒரு வார்த்தை வரும் என்று மைனியின் அம்மா காத்துக்கொண்டு நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது வரவில்லை.

மைனி திரும்பி வந்தாள். ஆனால் நான் தலையணையோடு அவள் அறைக்குப் போனபோது, "ஒன் எடத்துல படு," என்றாள். தெருவரைக்கும் கேட்கிற அந்தச் சிரிப்பு திரும்பி வரவில்லை. நைவேத்தியத்துக்கு அரிசி களையச் சொன்னால், "எனக்குக் கை சரியில்ல அத்தை" என்பாள். அன்றிலிருந்து கடைசிவரை ஒருநாளும் களையவில்லை.

தை மாதம் வத்தல் மூட்டைகள் தீர்ந்து, கிட்டங்கியைப் பெருக்கியபோது சுவர் ஓரத்தில் விரிப்பு கிடைத்தது. சிவந்த தூள் படிந்து, கறை அப்படியே இருந்தது. அம்மா அதைப் பார்த்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். "நான் அபாண்டம் பேசிடப்பிடாதுன்னு அம்மனே எடுத்து மறைச்சு வச்சிருக்கா! பிள்ளை உண்டுன்னு தெரிஞ்ச பின்ன வெளியில காட்டியிருக்கா!"

அடுத்த நவராத்திரியில் பூஜைக்குப் புத்தகம் வைக்கும்போது, கறை உள்ளே போகும்படி அதை நான்காக மடித்துப் பலகையில் விரித்தாள்.

"படுத்த துணில்லா?" என்றார் அப்பா.

"அம்மன் மூணு மாசம் கையில வச்சிருந்த துணி," என்றாள் அம்மா.

அதன்மேல் என் பாடப்புத்தகங்களை அடுக்கினார்கள். நானும் விழுந்து கும்பிட்டேன். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் குடும்பத்தில் இது அம்மன் செய்த அற்புதம். அம்மா போனாள், அப்பா போனார், அண்ணன் போனான். வீடு ஸ்ரீவராகத்துக்கு மாறியது. விரிப்பும் கதையும் கூடவே வந்தன. அன்று வயிற்றில் இருந்த மைனியின் மகள்தான் இப்போது வருஷா வருஷம் அதைச் சொல்கிறாள். நன்றாகச் சொல்வாள். கேட்பவர்களுக்குக் கண்ணீர் வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஸ்ரீவராகம் வீட்டுக்குப் போனேன். மைனி அடுக்களை மேசையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முட்டில் நீலப் பட்டை கட்டியிருந்தாள்.

"மைனி, ஒரு காரியம் சொல்லணும். அந்தக் கிளி விரிப்பு…"

"கையில எண்ணெய் தேச்சுக்கோ முதல்ல. கறை பிடிக்கும்," என்று ஒரு கத்தியை என் பக்கம் தள்ளினாள். பிறகு சொன்னாள்: "அம்பத்தஞ்சு வருசமாச்சு. இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும் ஒனக்கு?"

கத்தியைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினேன். "மைனிக்குத் தெரியுமா?"

"நான் வாழைத்தோட்டத்துல பெறந்தவ பிள்ளே. முதல் நாள் பதறிப் போயிட்டேன், மூளை ஓடல்ல. ரெண்டாம் நாள் மணம் தெரிஞ்சுபோச்சு. ஒன் விரலைப் பாத்தேன். ஒன் பச்சைப் பாவாடையில மடியிலயும் அதே கறை. அதை ஒங்க அம்மை கண்ணுல படாம என் பெட்டிக்குள்ள வச்சேன்."

"ஏன் சொல்லல்ல?"

"நேர்ந்த குலையாக்கும். ஒங்க அப்பா ஒன் தோலை உரிச்சிருப்பாரு. நாளைக்கு என் பிள்ளைக்கு ஒண்ணு ஆயிருந்தா, ஆயுசு பூரா ஒன்னைச் சொல்லியே கொன்னுருப்பாங்க." வாழைக்காயைத் தண்ணீரில் போட்டாள். "அதான் வெளுக்கிற அக்காகிட்ட காட்டச் சொன்னேன். வாழைக்கறைன்னு அவ சொல்லிட்டா, ஒங்க அப்பா சொன்ன வவ்வாலு ஜன்னல் வழியா வந்துதுன்னு நானே சொல்லிருப்பேன். ஒன்னைக் காட்டிக் கொடுக்காம நான் தப்பிக்க அந்த ஒரு வழிதான் இருந்துது. அதைக் கொண்டுபோய் வத்தல் மூட்டைக்குப் பின்னால வச்சுட்டே."

பைப்பில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அழுதேன். அவள் அழவில்லை.

"பாவாடை என்னாச்சு மைனி?"

"குளத்துக் கல்லுல அடிச்சு அடிச்சுப் பாத்தேன். போகல்ல. என் மகளுக்குத் தொட்டில்ல விரிச்சேன்."

"என்னை மன்னிச்சிருங்க மைனி."

"மன்னிப்பு கிடக்கட்டும். அன்னைக்கு என்னை எல்லார் முன்னாலயும் சொன்னாங்க. நீயும் எல்லார் முன்னாலயும் சொல்லு. தனியா என் காதுல சொல்லி எனக்கென்ன பிரயோசனம்? எனக்குத் தெரிஞ்ச கதைதானே."

நான் சத்தியம் செய்தேன். அந்த வருஷம் விஜயதசமிக்குப் பூஜை எடுக்கிற அன்று எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். பேரன் பேத்திகள் வரைக்கும் முப்பது பேர் இருக்கும். மைனியின் மகள் கதையைச் சொல்லி முடித்தாள். "அம்மன் கையாக்கும் அது," என்று விரிப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நாற்காலியில் இருந்த மைனி என்னைப் பார்த்தாள். நான் எழுந்தேன். எல்லாரும் திரும்பினார்கள். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "பாயசத்துல இனிப்பு போதுமான்னு பாத்துட்டு வாறேன்."

அடுக்களையில் நின்று கரண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது மைனி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த சித்திரையில் போய்விட்டாள். அம்மன் சந்நிதியில் நான் இதைச் சொல்லாத நாள் இல்லை. ஆனால் மைனி சொன்ன பிறகு எனக்கு அதில் ஆறுதல் இல்லை. அம்மனுக்கும் தெரிந்த கதைதானே.

போன வாரம் மைனியின் மகள் அந்த அற்புதத்தை டைப் செய்து எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறாள். பத்துப் பேருக்கு அனுப்பினால் வீட்டில் நல்லது நடக்கும் என்று கடைசியில் போட்டிருக்கிறாள். உங்களில் நாலைந்து பேர் அதை எனக்கே திருப்பி அனுப்பினீர்கள், கைகூப்பின படத்தோடு. அதைப் பார்த்துத்தான் இந்த நோட்டை எடுத்தேன். முதல் பிரதி அவளுக்கு. இரண்டாவது உங்களுக்கு.

இந்த நவராத்திரிக்கு ஸ்ரீவராகம் வீட்டில் அந்த விரிப்பை விரிக்கும்போது, மடிப்பைப் பிரித்துக் கறையைப் பாருங்கள். வேண்டுமானால் அதன் பக்கத்தில் ஒரு வாழைப்பூவை ஒடித்து வைத்து, மூன்று நாள் கழித்துப் பாருங்கள். பிறகு இதை உரக்கப் படியுங்கள். படித்தவர்கள் அடுத்தவர்களுக்குக் கொடுங்கள், எழுதியிருக்கிறபடியே. அம்மன் செய்தாள் என்று எங்கும் சேர்க்க வேண்டாம். நல்லது நடக்கும் என்றும் போட வேண்டாம். பாயசம் பார்க்கப் போனதை விட்டுவிட வேண்டாம். பாவம், சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாராவது இரக்கப்பட்டு ஒரு வரி எழுதினால் அதை மட்டும் அடித்துவிடுங்கள். விரிப்பில் கறை பட்டது தெரியாமல் நடந்தது. வியாழக்கிழமை விரிப்பை எடுத்தது தெரிந்து செய்தது.